சோபா உறை மாற்றத் துணி வாங்கப் போகிறீர்களா?

உறை மாற்றுவது என்று முடிவானதும் பெரும்பாலோர் நேராகத் துணிக்கடைக்குப் போய் நிறம் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கைக்கு மெத்தென்று ஒரு வெல்வெட், விலையும் குறைவு. நான்கே மாதத்தில் இருக்கையின் முன்விளிம்பில் முடி கொட்டி, அடிநெசவு பல்லை இளித்தது. துணிக்குக் கொடுத்த காசு போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பழைய ஆணிகளைப் பிடுங்கி, இழுத்து, மடித்து, தைத்து என்று இரண்டு வாரம் குனிந்தே செய்த வேலை வீணானதுதான் வலித்தது. அந்த வேலையைச் சீக்கிரத்தில் மறுபடி செய்யவிடாத துணிதான் என் கணக்கில் மலிவான துணி.

முதலில் பழைய துணியைப் பாருங்கள்

பழைய உறையைக் கழற்றி எறிவதற்கு முன் பத்து நிமிடம் அதன் எதிரே உட்காருங்கள். எங்கே போயிருக்கிறது, எப்படிப் போயிருக்கிறது என்று கவனியுங்கள்.

இருக்கையின் முன்விளிம்பும் பைப்பிங்கும் (தையல் ஓரத்தில் கயிறுபோல் உருண்டு நிற்கும் விளிம்பு) மட்டும் நைந்து, மற்ற இடம் நன்றாக இருந்தால் அது உரசலால் வந்த தேய்மானம். துணி முழுசாக இருக்கிறது, தையல் ஓரத்தில் மட்டும் நூல்கள் விலகி ஏணிபோல் இடைவெளி தெரிகிறது என்றால் நெசவு தளர்வு, அல்லது உறையை அளவுக்கு மீறி இறுக்கித் தைத்திருக்கிறார்கள். சாய்வின் மேற்பகுதி வெளுத்து, விரலால் இழுத்தால் காகிதம்போல் கிழிகிறதா? வெயிலின் வேலை. கைப்பிடி கறுத்துப் பிசுபிசுக்கிறதா? வியர்வையும் எண்ணெயும். கண்ணி கண்ணியாக நூல் வெளியே இழுபட்டிருந்தால் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அது உங்களுக்கே தெரியும். துணி நன்றாகவே இருந்து, தொளதொளவென்று சுருங்கிக் கிடந்தால் குற்றவாளி உள்ளே இருக்கும் ஃபோம்.

இவற்றில் உங்கள் வீட்டில் எது எதிரி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டுக்கு மேல் வராது. எல்லாவற்றையும் தாங்கும் துணி கேட்டால் விலையை நம்மால் தாங்க முடியாது. அந்த இரண்டை மட்டும் தாங்கும் துணி மலிவிலேயே கிடைக்கும்.

இன்னொன்று. இதுதான் முதல் முயற்சி என்றால் சோபாவைத் தொடாதீர்கள். நான்கு திருகாணியைக் கழற்றினால் இருக்கை மட்டும் தனியே வந்துவிடும் நாற்காலியில் கை பழகுங்கள். தப்பு செய்தாலும் முக்கால் மீட்டர் துணியோடு போய்விடும்.

எந்த இழை?

மலிவும் உழைப்பும் சேர்ந்து வேண்டும் என்றால் விடை பெரும்பாலும் பாலியஸ்டர்தான். உரசலைத் தாங்கும், வெயிலுக்கு ஓரளவு நிற்கும், துவைத்தால் சுருங்காது. கூச்சப்பட வேண்டியதில்லை, லினன் மாதிரியே தெரியும் பல துணிகள் உண்மையில் பாலியஸ்டர்தான். பருத்தித் துணிகளிலும் கொஞ்சம் பாலியஸ்டர் கலந்திருந்தால் நல்லதே. கலப்படம் என்றால் முகம் சுளிக்கும் நாம், இந்த ஒரு கலப்படத்தை வரவேற்கலாம்.

உரசலைத் தாங்குவதில் நைலானுக்கு இணை இல்லை. ஆனால் நேரடி வெயில் அதை வலுவிழக்கச் செய்யும். ஜன்னலோர நாற்காலிக்கு வேண்டாம்.

பாலிப்ரொப்பிலீன் விலையில் இன்னும் இறங்கி வரும். ஓலிஃபின் என்ற பெயரிலும் விற்பார்கள். நூலாக இழுக்கும் முன்பே, உருக்கிய நிலையிலேயே நிறத்தைக் கலந்துவிடுவதால் சாயம் எளிதில் போகாது, தண்ணீரையும் உறிஞ்சாது. சூடுதான் அதற்கு ஆகாது. சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பாலியஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எண்ணெய்க் கறையும் அதில் பிடித்துக்கொள்ளும்.

பருத்தியில் கனமான கேன்வாஸும் டெனிமும் மட்டுமே இந்த வேலைக்கு ஆகும். உட்கார இதமானவை, தைக்கவும் எளியவை. குறை என்னவென்றால் வெயிலில் வெளுக்கும், துவைத்தால் சுருங்கும். கழற்றித் துவைக்கும் உறை என்றால் வெட்டும் முன்பே ஒருமுறை துவைத்துவிடுங்கள். லினன் நூல் பலமானது, ஆனால் நெகிழ்ச்சி இல்லாதது. திரும்பத் திரும்ப மடியும் விளிம்புகளில் முறிந்துபோகும். கம்பளி அருமையான துணி: அமுக்கினால் எழும், அழுக்கைச் சட்டென்று ஏற்காது, எளிதில் தீப்பற்றாது. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம், அவ்வளவுதான். பழைய கனத்த கம்பளிப் போர்வை வீட்டில் சும்மா கிடந்தால் மட்டும் யோசிக்கலாம், பூச்சி அரிக்காமல் இருந்தால்.

தள்ளிவைக்க வேண்டியது விஸ்கோஸ் என்கிற ரேயான். பளபளவென்று பட்டுபோல் விழும், விலையும் மயக்கும். நனைந்தால் பலத்தில் பாதியளவு போய்விடும். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் வெல்வெட்டில் அந்த வட்டம் நிரந்தரமாகத் தங்கிவிடும். முன்விளிம்பில் முடி கொட்டிய என் வெல்வெட்டும் விஸ்கோஸ்தான், துணியோடு வந்த விவரச் சீட்டைப் பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். மற்ற இழைகளோடு கொஞ்சம் கலந்திருந்தால் பரவாயில்லை. பாதிக்கு மேல் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நெசவு, கனம்

ஒரே பாலியஸ்டர் நூலை இறுக்கி நெய்தால் பத்தாண்டு, தளர நெய்தால் இரண்டாண்டு வரலாம். இழையின் பெயரைவிட நெசவின் இறுக்கம் அதிகம் பேசும். பாவும் ஊடையும் ஒன்றுவிட்டு ஒன்று நெருக்கமாகப் பின்னிய சாதா நெசவும், டெனிமில் சாய்கோடாகத் தெரியுமே அந்த ட்வில் நெசவும் நம்பகமானவை. மேற்பரப்பில் நூல் நீளமாக மிதக்கும் சாட்டின், பெரிய பூ வேலைப்பாடுள்ள சில ஜக்கார்ட் துணிகள் அழகானவை, ஆனால் அந்த மிதக்கும் நூல்தான் முதலில் அறுபடும். சுருள் சுருளாகக் கண்ணி நிற்கும் பூக்ளே துணியைப் பூனை வீட்டுக்கு வாங்குவது பூனைக்குப் பரிசு வாங்குவது மாதிரி. அதே பூனை, குட்டை முடியுள்ள நெருக்கமான பாலியஸ்டர் வெல்வெட்டையோ மைக்ரோஃபைபரையோ பெரும்பாலும் விட்டுவிடும். நகம் மாட்ட அங்கே கண்ணி இல்லை.

ஷெனீல் துணி மெத்தென்று இருக்கும். அதன் பஞ்சு நூலின் நடுவில் சும்மா செருகி நிற்பதுதான், உரசினால் உதிரும். பின்புறம் பசைப்பூச்சு கொடுத்த ஷெனீல் என்றால் சற்று நிலையாக நிற்கும்.

கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள். தினமும் உட்காரும் இருக்கைக்கு 300க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அதற்காக மிகக் கனமான துணியையும் தூக்கி வராதீர்கள். பைப்பிங் வைத்த மூலையில் துணி நான்கு, ஐந்து மடிப்பாகச் சேரும். வீட்டுத் தையல் இயந்திரம் அங்கே அழுதுவிடும்.

சீட்டில் இருக்கும் எண்கள்

குஷன் வேலைக்கென்றே வரும் துணியின் சீட்டில் 'மார்ட்டின்டேல்' என்று போட்டு ஓர் எண் இருக்கும். வட்டமாக வெட்டிய துணித்துண்டை, கம்பளித் துணியின் மேல், ஒரே கோட்டில் இல்லாமல் சுற்றிச் சுற்றித் தேய்க்கும் கருவி அது. நெய்த துணி என்றால் இரண்டு நூல் அறும்வரை எத்தனை தேய்ப்பு என்று எண்ணுவார்கள். 10,000க்குக் கீழே என்றால் அலங்காரத் தலையணைக்கு. 15,000 வரை எப்போதாவது உட்காரும் நாற்காலிக்கு. 15,000 முதல் 25,000 வரை வீட்டில் தினசரிப் பயன்பாட்டுக்குப் போதும். பிள்ளைகள் குதிக்கும் சோபா என்றால் 25,000, 30,000 பாருங்கள். அதற்கு மேலே இருப்பவை அலுவலகம், விடுதி போன்ற இடங்களுக்கானவை.

அமெரிக்கத் துணிகளில் 'வைசன்பீக்' என்ற வேறு எண் வரும். அது முன்னும் பின்னும் நேராகத் தேய்ப்பது. 15,000 சாதாரணப் பயன்பாடு, 30,000 கடும் பயன்பாடு. இரண்டும் வேறு வேறு சோதனை, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. லட்சம் தேய்ப்பு என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இந்த எண் உரசலை மட்டுமே சொல்கிறது. வெயில், பூனை நகம், தையல் விலகல் எதுவும் இதற்குள் இல்லை. பழைய துணியைப் பார்த்து எழுதிய தாள் இங்கேதான் கைகொடுக்கும்: உங்கள் எதிரி வெயில் என்றால் நீங்கள் தேட வேண்டியது வேறு எண். வெயிலில் நிறம் நிற்பதை 1 முதல் 8 வரை தரம் பிரிப்பார்கள். ஜன்னலோரம் என்றால் 6க்குக் குறையக் கூடாது. உருண்டை உருண்டையாகப் பஞ்சு கட்டுவதற்கு 1 முதல் 5 வரை ஓர் அளவு உண்டு, 4 இருந்தால் நிம்மதி.

சுத்தம் செய்யும் குறியீட்டையும் பாருங்கள். 'டபிள்யூ' என்றால் தண்ணீர் சார்ந்த சோப்பு போதும். 'எஸ்' என்றால் தண்ணீர் படக் கூடாது, கரைப்பான் மட்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் எதுவும் சரி. 'எக்ஸ்' என்றால் தூசி உறிஞ்சுவதோடு சரி, கறை பட்டால் பட்டதுதான். குழந்தை உள்ள வீட்டில் எக்ஸ் துணி வாங்குகிறவர்களின் தைரியம் எனக்கு இல்லை.

துண்டு கேட்டு வாங்கி வந்து சோதியுங்கள்

மலிவுத் துணியில் பாதிக்கு மேல் சீட்டே இருக்காது. அப்போது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டு கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் கால் மீட்டர் காசு கொடுத்தே வாங்குங்கள். பன்னிரண்டு மீட்டர் வாங்கி ஏமாறுவதற்கு இது எவ்வளவோ மேல்.

முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சல்லடைபோல் ஒளி வந்தால் நெசவு தளர்வு. அடுத்து, துண்டை இரண்டாக மடித்து ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு தையல் போட்டு, இரு பக்கமும் பிடித்துப் பலமாக இழுங்கள். தையலை ஒட்டி நூல் விலகி ஓட்டை தெரிந்தால், சோபாவில் உட்கார்ந்த முதல் மாதமே அது நடக்கும். நான் மற்ற எல்லாச் சோதனையையும்விட இதைத்தான் நம்புகிறேன். வாங்கும்போது யாரும் செய்து பார்க்காத சோதனையும் இதுதான்.

விரல் நகத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கள். நூல் இடம் மாறினால் நல்லதல்ல. துணியை வெளிப்புறமாக மடித்துப் பாருங்கள். வெல்வெட்டாக இருந்தால் மடிப்பில் அடிநெசவு தெரியக் கூடாது. ஈரமான வெள்ளைத் துணியால் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அது நாளை யாருடைய வெள்ளை உடையிலோ ஒட்டப்போகிறது; கருநீலம், சிவப்பு, கறுப்பு டெனிம் ஆகியவற்றில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு சொட்டு தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு மணிநேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள்.

இழை எதுவென்று தெரியாவிட்டால் இரண்டு சென்டிமீட்டர் நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துத் தீ காட்டலாம். காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி, லினன் அல்லது விஸ்கோஸ். மயிர் கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. தீயைக் கண்டு சுருங்கி, உருகி, கடினமான மணியாக உறைந்தால் செயற்கை இழை. அந்த மணியை உடனே தொடாதீர்கள், சுட்டுவிடும்.

தேறிய துண்டைப் பழைய இருக்கையின் மேல் ஒரு வாரம் போட்டு வையுங்கள். காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் நிறம் வேறு வேறாகத் தெரியும். நடுத்தர நிறமும், இரண்டு மூன்று சாயல் கலந்த நூலும், சின்ன வடிவமும் அழுக்கை மறைக்கும். கறுப்பு அழுக்கை மறைக்கும் என்பது பாதிதான் உண்மை. தூசியும் பூனை முடியும் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

காசை எங்கே மிச்சம் பிடிப்பது?

சோபாவின் எல்லாப் பக்கத்திலும் உரசல் இல்லை. சுவரைப் பார்த்து நிற்கும் பின்முதுகு, கைப்பிடியின் வெளிப்பக்கம், குஷனுக்கு அடியில் மறைந்திருக்கும் தளம் ஆகியவற்றை யாரும் தேய்ப்பதில்லை. அங்கெல்லாம் மலிவான சாதா கேன்வாஸ் போதும். இருக்கை, கைப்பிடியின் மேற்பகுதி, பைப்பிங் ஆகியவற்றுக்கு நல்ல துணி. ஒட்டாத நிறத்தில் ஒட்டுப்போடுவதைவிட, வேண்டுமென்றே இரண்டு நிறமாகச் செய்துவிட்டால் திட்டமிட்டதுபோலவே இருக்கும். இப்படிச் செய்தால் நல்ல துணியின் தேவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும்.

அடுத்தது கட்பீஸ். ரோலின் கடைசியில் மிஞ்சும் துண்டுகளும், நிறுத்தப்பட்ட வடிவங்களும் பாதி விலைக்கே கிடைப்பதுண்டு. அலுவலகம், விடுதி வேலைகளில் மிஞ்சிய துணி கண்ணில் பட்டால் விடாதீர்கள். கடும் பயன்பாட்டுக்கென்று நெய்தது அது. கட்பீஸில் இரண்டு எச்சரிக்கை: முழு நீளத்தையும் விரித்து நெசவுப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு துண்டு வாங்கினால் இரண்டும் ஒரே சாய லாட்தானா, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றியவைதானா என்று பகல் வெளிச்சத்தில் ஒட்டிப் பாருங்கள். பிறகு போய் இன்னும் ஒரு மீட்டர் வாங்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். அது இருக்காது.

திரைச்சீலைத் துணி எப்போதும் ஆசை காட்டும். அது தொங்குவதற்கென்று நெய்தது, உட்கார்ந்து தேய்க்க அல்ல. தையல் சோதனையில் தேறினால் மட்டும் எடுங்கள்.

குஷன் உறையின் இரு பக்கமும் ஒரே துணியில் தைத்து ஜிப் வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை திருப்பிப் போட்டால் தேய்மானத்தை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். கைப்பிடிக்கு மேல் போட அதே துணியில் இரண்டு சின்ன உறைகள் தைத்து வைப்பதும் நல்ல தந்திரம்.

ரெக்ஸின் வாங்கலாமா?

துடைத்தால் போதும் என்பதால் பலரும் கேட்பது இது. மலிவு ரெக்ஸினில் இரண்டு வகை. மேல்பூச்சு பாலியூரித்தேன் என்றால் மென்மையாக, அசல் தோல் மாதிரி இருக்கும். ஆனால் காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல உடைக்கும். உட்காராமல் மூடி வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். பிவிசி பூச்சு ஈரத்துக்கு நிற்கும். கனமாக, சற்றே பிளாஸ்டிக் தொடுகையோடு இருக்கும். அதன் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் ஆண்டுகள் போகப் போக வெளியேறுவதால் கடைசியில் இறுகி வெடிக்கும். ஈரப்பதம் அதிகமான இடத்தில் மலிவு ரெக்ஸின்தான் என்றால் நான் பிவிசியைத்தான் எடுப்பேன். தோல்தூளை ஒட்டிச் செய்த 'பாண்டட் லெதர்' பக்கமே போகாதீர்கள். பெயரில் தோல் இருக்கிறது, உழைப்பில் இல்லை. ஊசி குத்திய ஓட்டை ரெக்ஸினில் மறையாது என்பதால் தையலைப் பிரித்துத் திருத்தவும் முடியாது. புதியவர்களுக்கு இது கடினம்.

எத்தனை மீட்டர்?

குஷன் துணியின் அகலம், அதாவது பன்னா, பெரும்பாலும் 137 முதல் 140 சென்டிமீட்டர். உடைத் துணி பல 112 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். 50 சென்டிமீட்டர் சதுர இருக்கைக்கு, மடித்து அடிக்க நாற்புறமும் 10 விட்டால் 70. 140 அகலத்தில் இரண்டு வரும். ஆக நான்கு நாற்காலிக்கு 1.4 மீட்டர், ஒன்றரையாக வாங்குங்கள். கைப்பிடி வைத்த ஒற்றை நாற்காலிக்குத் தோராயமாக 5 முதல் 7 மீட்டர், மூவர் சோபாவுக்கு 12 முதல் 15 மீட்டர். சரியான அளவு வேண்டுமென்றால் பழைய உறையைக் கிழிக்காமல் பிரித்து, தரையில் 140 அகலத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, துண்டுகளை அதற்குள் அடுக்கிப் பாருங்கள்.

பெரிய பூப்போட்ட துணி இங்கேதான் காசைத் தின்னும். 60 சென்டிமீட்டருக்கு ஒருமுறை பூ திரும்ப வருகிறது என்றால், 70 சென்டிமீட்டர் துண்டுகள் எல்லாவற்றிலும் பூ ஒரே இடத்தில் விழ ஒவ்வொன்றுக்கும் 120 போய்விடும். முதல் சோபாவுக்குச் சாதா நிறமே உத்தமம். சாதாத் துணியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் நீளமான சாய்வுக்கு நடுவில் ஒட்டே வராது. வெல்வெட்டை அப்படித் திருப்ப முடியாது. அதன் முடி சாய்வில் மேலிருந்து கீழாகவும், இருக்கையில் பின்னிருந்து முன்னாகவும் விழ வேண்டும். ஒரு துண்டு தலைகீழாகப் போனாலும் வேறு நிறம்போலத் தெரியும்.

துணிக்கு அடியில்

அமுங்கிப்போன ஃபோமின் மேல் எந்தத் துணி போட்டாலும் சுருங்கும், சுருக்கத்தில் உரசும், அங்கேயே கிழியும். இருக்கை ஃபோமின் அடர்த்தி கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் பாருங்கள். அடர்த்தி வேறு, கடினம் வேறு. கையால் அமுக்கிப் பார்த்து அடர்த்தியைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபோமைச் சுற்றி ஒரு சுற்று பாலியஸ்டர் பஞ்சுத் தாள் போட்டால் துணி உள்ளே உரசாமல் வழுக்கும். மரச்சட்டத்தின் கூர் முனைகளைத் தேய்த்து மழுக்கிவிட்டு, மேலே பஞ்சு வைத்து அடியுங்கள். நூல் பாலியஸ்டராகவே இருக்கட்டும், ஊசி 16 அல்லது 18ஆம் எண்.

ஃபோம் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சில நாடுகளில் மேல்துணிக்கும் விதி உண்டு. பிரிட்டனில் 1988இல் வந்த விதிகள் மேல்துணி தீச்சோதனையைத் தாண்ட வேண்டும் என்கின்றன. விற்பதற்காகவோ வாடகை வீட்டுக்காகவோ செய்கிறீர்கள் என்றால் உங்கள் ஊர் விதியைத் துணி வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், வெட்டும் முன் ஒவ்வொரு துண்டின் பின்புறமும் எந்தப் பக்கம் மேலே என்று சுண்ணக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட்டு, எந்த இடத்துத் துண்டு என்றும் எழுதுங்கள். மிஞ்சிய துணியில் ஓர் அரை மீட்டரைச் சுருட்டி, இழையின் பெயரையும் சுத்தம் செய்யும் குறியீட்டையும் எழுதிய சீட்டோடு, சோபாவின் அடித்துணிக்கு உள்ளே சட்டத்தில் ஸ்டேப்பிள் அடித்து வைத்துவிடுங்கள். அலமாரியில் வைத்த துண்டு தேடும்போது கிடைக்காது.